இடது காது கறுப்பு

சனிக்கிழமை பிற்பகல் என்றால் தியாகராசா குடையை விரித்துவிடுவார். வெயிலுக்குமல்ல, மழைக்குமல்ல. படக் கொட்டகையின் முன்வாசலைத் தாண்டி, பக்கத்துச் சாக்கடை ஓரமாகவே நடந்து, பின்வாசல் வரிசையில் போய் நிற்கும்வரை தன் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காக. ஜாலான் புசார் பக்கம் அந்த நேரத்தில் நடமாடுகிற யாழ்ப்பாணத்தார் அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். அவருடைய குடையையும் தெரியும். கைப்பிடியில் வெள்ளிப்பூண் போட்ட குடை, சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் அதைப்போல இன்னொன்று கிடைக்காது. ஆக, முகத்தை மறைத்துக்கொண்டு, இதோ நான்தான் போகிறேன் என்று தம்பட்டமும் அடித்துக்கொண்டு போகிற மனுஷன் அவர். இது அவர் ஒருவருக்குத்தான் உறைக்கவில்லை.

அந்தக் கொட்டகையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். தகரக் கூரை, பலகைச் சுவர், நடுவில் குறுக்கே கட்டிய பெரிய வெள்ளைத் துணி. துணிக்கு இந்தப் பக்கம் கைவைத்த நாற்காலிகள், மின்விசிறி, பியானோ வாசிக்க கவுன் போட்ட ஒரு சட்டைக்காரப் பெண்மணி. இது துரைமாருக்கும் சீன முதலாளித் தவுக்கேமாருக்கும் கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகஸ்தருக்கும். துணிக்கு அந்தப் பக்கம் வெறும் பலகைகள். ரிக்‌ஷாக்காரர், மாட்டுவண்டிக்காரர், எருமைப்பால் கறக்கிறவர்கள், முனிசிபாலிட்டியில் ரோடு போடுகிறவர்கள் எல்லாம் அங்கே. கட்டணமும் அதற்கேற்ற மாதிரி. துணியை நன்றாக நனைத்துவிட்டால் முன்பக்கம் விழுகிற படம் பின்பக்கமும் பளிச்சென்று தெரியும். ஒரேயொரு குறை, எல்லாம் இடம்வலமாகத் தெரியும். வீரன் இடது கையால் வாள் சுழற்றுவான். பேச்சில்லாத படத்தில் நடுநடுவே வருகிற இங்கிலீஷ் எழுத்து அட்டைகள் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி நிற்கும். எழுத்தே தெரியாதவனுக்கு அது எப்படி நின்றால் என்ன என்று கொட்டகைக்காரன் நினைத்திருக்க வேண்டும்.

அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருக்கிற மனுஷனுக்கு அங்கே என்ன வேலை? கஞ்சத்தனம் இல்லை. தியாகராசாவுக்குத் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டார், தகப்பன் போய் வெகுகாலம். தங்கைமார் மூன்று பேரையும் ஒவ்வொருத்தியாகக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு நெற்றி பின்வாங்கியிருந்தது. டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மசாலாக் கடைக்கு மேலே மாடி அறை. கீழே மிளகாய் இடிக்கிற நாளில் மேலே இவர் தனியாகத் தும்மிக்கொண்டிருப்பார். கந்தோரில் 'யெஸ் சார்', 'நோ சார்'. சாப்பாட்டுக் கடையில் 'போதும்'. சில நாட்களில் அவர் வாயிலிருந்து வருகிற மொத்தப் பேச்சும் அவ்வளவுதான். தனிமை என்று அதற்குப் பெயர் வைக்கக்கூட அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் ஓர் ஆண்பிள்ளை அதைச் சொன்னால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

பின்பக்கம் அவர் போனதே தற்செயல். ஒரு சனிக்கிழமை நல்ல மழை, முன்பக்கம் நிறைந்துவிட்டது. திரும்பிப் போய் அந்த அறையில் என்ன செய்வது என்ற சலிப்பில், நனைந்தபடி பின்வாசலால் உள்ளே நுழைந்தார். முதலில் ஏதோ யுத்தக்கப்பல் காட்டினார்கள். அடுத்து வந்தது ஒரு நாய். உயிர் நாயல்ல, யாரோ ஒரு வெள்ளைக்காரன் மைக்கோட்டால் வரைந்த நாய். வரைந்த கோடு எப்படியோ எழுந்து நடக்கிறது. பானை வயிறு, குச்சிக் கால், உடம்பெல்லாம் வெள்ளை, இடது காது மட்டும் மசி ஊற்றியது போலக் கறுப்பு. அதற்கு வீடு கிடையாது. தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டும். தட்டிவிட்டு, உள்ளே ஆள் அரவம் கேட்கிறதா என்று அந்தக் கறுப்புக் காதை மட்டும் விறைப்பாக நிமிர்த்தும்.

அந்தக் காது நிமிர்ந்ததுதான் தாமதம், தியாகராசா பலகையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

அவருடைய தகப்பனார் மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். கெமாஸுக்கு இந்தப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு குட்டி ஸ்டேஷன். நாளுக்கு நாலைந்து வண்டிக்கு மேல் வராது. தங்கைமாரைச் சின்னம்மா தன்னோடு கொண்டுபோய்விட, அந்த இடத்தில் பையனாக இருந்த தியாகராசாவுக்கு ஒரே கூட்டு ஒரு வெள்ளை நாய். அதற்கும் இடது காது கறுப்பு. வண்டி வருகிற சத்தம் மனுஷர் காதில் விழுவதற்கு வெகுநேரம் முன்னாலேயே அந்தக் காது மட்டும் எழும்பிவிடும். கைகாட்டி மரம் கையைத் தூக்குவது போலவே இருக்கும். அதனால் அவர் அதற்குச் 'சிக்னல்' என்று பெயர் வைத்தார். தகப்பனார் சிரித்து அவர் பார்த்தது அந்தப் பெயரைக் கேட்ட அன்றுதான். பிறகு தகப்பனாருக்கு மாற்றம் வந்தது. புது இடத்து வீட்டில் நாய் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். சிக்னலை ஒரு போர்ட்டரிடம் விட்டுவிட்டு வண்டி ஏறினார்கள். அது பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, இவர் இருந்த வண்டியைப் பார்த்துக் காதை நிமிர்த்திக்கொண்டிருந்தது. வண்டி வருகிறது என்று நினைத்ததோ, போகிறது என்று தெரிந்ததோ, யாருக்குத் தெரியும். பையன் அழுதான். "நாய்தானே" என்றார் தகப்பனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தியாகராசா பிறகு ஒரு பூனைக்குட்டியைக்கூட வளர்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட சிக்னல் இங்கே, ஈரத்துணியில், கதவு தட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த சனிக்கிழமையும் போனார். நாய்க்கு வாராவாரம் புதுக் கூத்து. ஒரு வாரம் பேக்கரியில் மாட்டிக்கொள்ளும், ஒரு வாரம் கப்பலேறும். எங்கே போனாலும் கடைசியில் ஒரு கதவு, ஒரு தட்டு, காது நிமிரும், பிறகு ஓர் எழுத்து அட்டை. மழையில்லாத நாளிலும், முன்பக்கம் காலியாகக் கிடந்த நாளிலும் அவர் பின்பக்கமே போனார். அந்த நாயை முதலில் கண்ட இடம் அதுதானே, வேறு இடத்துக்கு அது வராது என்று நினைத்தவர் போல.

திரும்பி நிற்கிற எழுத்தை வாசிக்க அவருக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. ஒரு நாள் தன்னையறியாமல் வாய்விட்டு வாசித்துவிட்டார். பக்கத்தில் இருந்த பூவம்மா பிடித்துக்கொண்டாள். பஃபலோ ரோட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல்.

"ஐயாவுக்கு எழுத்து தெரியுமா? அப்புறம் என்ன வாயில கொழுக்கட்டையா? சத்தமா சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்!"

அன்று ஆரம்பித்தது. அட்டை வந்தால் எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பும். தன் யாழ்ப்பாணத்து வீட்டுத் தமிழில் சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது என்று, அவர்கள் பேசுகிற மாதிரியே பேசக் கற்றுக்கொண்டார். "கிராணி ஐயா" என்று, கிளாக்கர் ஐயா என்கிற அர்த்தத்தில், பெயரும் வைத்தார்கள். மலாய்க்காரர்கள் கேட்டால் மலாயிலும் சொல்வார். நாய் கதவைத் தட்டி அட்டை வந்ததும், "யாராச்சும் வீட்ல இருக்கீங்களா?" என்று இவர் கூவுவார். பின்பக்கம் முழுக்க ஒரே குரலாக, "இருக்கோம் லா!" என்று பதில் போகும். கூரைத் தகரம் அதிரும். முன்பக்கத்தாருக்கு அது பின்பக்கத்து இரைச்சல், யாரும் காது கொடுப்பதில்லை. துணி நனைக்கிற காதர் மைதீன்கூட ஏணியில் இருந்தபடியே கத்துவான். வாரம் முழுக்கப் பூட்டிக் கிடந்த தொண்டை திறந்து, சட்டை வியர்வையில் ஒட்ட, வேர்க்கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வருகிறபோது தியாகராசாவுக்கு உடம்பே லேசாக இருக்கும். திங்கட்கிழமை மறுபடியும் 'யெஸ் சார்'.

இப்படி இருக்கும்போதுதான் கந்தோர் சிநேகிதர் பொன்னுத்துரை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார்.

"என்ன காணும், எவ்வளவு நாளைக்கு மிளகாய்த்தூளோடை குடும்பம் நடத்தப் போறீர்?" என்றார் பொன்னுத்துரை. "அம்பலவாணரைத் தெரியுந்தானே, காணி அளக்கிற சேவே கந்தோரிலை இருந்து பென்ஷன் எடுத்தவர், ஓவன் ரோட். அவரின்ரை மகள் இராசமலர் ஊரிலையிருந்து வந்து இரண்டு வருஷம். நல்ல பிள்ளை. மனுஷன் உம்மைப் பாக்க வேணுமெண்டு நிக்கிறார்."

தியாகராசாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அறைக்குள் இன்னொரு ஆள் நடக்கிற சத்தத்தை நினைத்துப் பார்த்தார். கதவைத் தட்டினால் உள்ளிருந்து திறக்க ஒருத்தி. சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்வதற்கும், அதற்குக் கோபித்துக்கொள்வதற்கும் ஒருத்தி. எங்கே, இந்த ஜென்மத்தில் இனி இல்லை என்று மூட்டை கட்டி வைத்திருந்த ஆசையெல்லாம் அவிழ்ந்துகொண்டது. இது கைநழுவினால் இன்னொன்று வரப்போவதில்லை என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அம்பலவாணர் தராதரம் பார்க்கிறவர். முதல் சந்திப்பிலேயே தேத்தண்ணீரை ஆறவிட்டுக்கொண்டு அதைச் சொல்லிவிட்டார்.

"முந்தி ஒரு பெடியனைப் பேசினனாங்கள், தம்பி. நல்ல உத்தியோகம். ஆனா ரோட்டிலை நிண்டு கூலியாக்களோடை கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு நிண்டதை நான் என்ரை கண்ணாலை கண்டன். அதோடை விட்டிட்டன். ஒரு மனுஷன் எங்கை, ஆரோடை இருக்கிறான் எண்டு பாத்தாப் போதும், அவனை அளந்து போடலாம். எங்கடை மலர் இங்கிலீஷ் எல்லாம் நல்லா வாசிப்பாள். ஏத்த இடத்திலை குடுக்க வேணும். சனிக்கிழமையளிலை நாங்கள் குடும்பமாப் படம் பாக்கப் போறனாங்கள். இந்தச் சனி நீரும் வாரும்."

எந்தக் கொட்டகை என்று தியாகராசா கேட்கவில்லை. அவர்கள் வசதிக்குக் கிட்டே இருப்பது ஒன்றுதானே. இவ்வளவு மாதமும் ஒரு துணி தூரத்தில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்திருக்கிறது.

சனிக்கிழமை வந்தது. அல்பக்கா கோட்டும் மொடமொடக்கிற காலருமாக, குடையை மடக்கிய கையோடு, முன்வாசலால் போனார். அம்பலவாணர் அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அம்பலவாணருக்கு அடுத்தாற்போல் அவர் மனைவி வள்ளிநாயகி, அதற்கும் அப்பால் இராசமலர். ஊதாப் புடவை, காதில் சிவப்புக்கல் தோடு. கொஞ்சம் முன்னால் சாய்ந்தால்தான் முகம் தெரியும். தியாகராசா இரண்டு தடவை செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் சாய்ந்து பார்த்துவிட்டார். அமைதியான முகம், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல. நாற்காலி மெத்தென்றிருந்தது. மின்விசிறி தலைக்கு மேலே சுற்றியது. ஐயோ, இது நல்லபடியாக முடிய வேண்டுமே என்று தேக்கா வட்டாரத்துக் கோயில்களில் இருந்த அத்தனை சாமிக்கும் மனசுக்குள் சூடம் கொளுத்தினார்.

விளக்கு அணைந்தது. பியானோ துள்ளியது. நாய் வந்தது.

வழக்கமாக அது வருகிற பக்கத்திலிருந்து வரவில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. தியாகராசா கண்ணைக் கசக்கிக்கொண்டார். பானை வயிறு அதேதான். குச்சிக் கால் அதேதான். காது மட்டும் மாறியிருந்தது. இடது காது வெள்ளை வெளேரென்று இருந்தது, வலது காது கறுப்பு. தன் கைகளைக் கீழே பார்த்து எது இடது எது வலது என்று ஒரு தடவை நிச்சயப்படுத்திக்கொண்டார். சந்தேகமே இல்லை. அந்த வெள்ளைக்காரன் வரைந்தது வலது காது கறுத்த நாய். இவ்வளவு நாளும் இவர் பார்த்துக்கொண்டிருந்தது துணியின் முதுகை. திரும்பிய எழுத்தையெல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வாசித்த மனுஷனுக்கு, நாயும் திரும்பித்தானே நிற்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டினாலும் ஆறவில்லை. துணியில் ஏதோ ஒரு நாய் ஓடியது, எல்லோரும் சிரித்தார்கள், அவருக்கு அதை யாரென்றே தெரியவில்லை. பத்து வயதில் வண்டி ஜன்னலில் இருந்து பார்த்தபோது நெஞ்சுக்குள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அந்த நாய் கதவுக்கு முன்னால் போய் நின்றது. தட்டியது. தப்பான காதை நிமிர்த்தியது. அட்டை வந்தது.

"யாராச்சும் வீட்ல இருக்கீங்களா?"

பியானோவை மீறி அந்தக் கூவல் கொட்டகை முழுக்கக் கேட்டது. கூவியது யார் என்று தேடத்தான் தியாகராசாவும் தலையைத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் தன் வாய் திறந்திருப்பது தெரிந்தது. பழகின வாய், கேட்டுக்கொண்டா திறக்கும்?

மறுகணம் துணிக்கு அந்தப் பக்கமிருந்து இடி இடித்த மாதிரி வந்தது.

"இருக்கோம் லா!"

"டேய், நம்ம கிராணி ஐயா குரல்டா!"

"ஐயா, எங்க இருக்கீங்க? உங்க எடம் காலியாத்தான் கெடக்கு, வாங்க!" இது பூவம்மா. அந்தக் குரலை எந்தத் துணியாலும் மறைக்க முடியாது.

முன்பக்கத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒரு துரை "ஷ்" என்றார். அந்த அமளிக்கு நடுவே, வரிசையின் மறுகோடியிலிருந்து ஒரு சிரிப்பு, அடக்க முடியாமல் பீறிட்ட சின்னச் சிரிப்பு. இராசமலர். வள்ளிநாயகி அவள் தொடையில் ஒரு இடி வைத்தார். சிரிப்பு நின்றது.

"ஆரைத் தம்பி கூப்பிடுகினம்?" என்று அம்பலவாணர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தெரியாது ஐயா."

"நீர் வாசிச்சீர்."

"கந்தோரிலை பியூன்மாருக்குக் கடதாசி வாசிச்சுச் சொல்லுறது நான்தான். பழக்கதோஷம், ஐயா."

அம்பலவாணர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "உதவி செய்யிறது நல்லதுதான்," என்றார். "இடம் பாக்க வேணும்."

தப்பித்தோம் என்று தியாகராசா மூச்சு விடுவதற்குள் இடைவேளை விளக்கு எரிந்தது. அடுத்த படத்துக்கு முன்னால் துணி மறுபடி நனைய வேண்டும். காதர் மைதீன் ஏணியும் தண்ணீர்ப் பீச்சாங்குழலுமாக முன்பக்கத்துக்கு வந்தான். ஏணியைச் சார்த்தப் போனவன் கண்ணில் இவர் பட்டுவிட்டார். முகமெல்லாம் பல்லாக நேரே வந்தான்.

"அட, கிராணி ஐயா! இங்கயா இருக்கீங்க? பின்னால உங்களத் தேடிக்கிட்டுல்ல இருக்காங்க! பூவம்மா கடல வாங்கி வச்சிக்கிட்டு, யாரையும் தொட விடாம உக்காந்திருக்கு. வாங்கய்யா, அடுத்த படத்துல எழுத்து ஜாஸ்தியாம்!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்பலவாணர் பார்த்தது வேறு யாரையும் அல்ல, தியாகராசாவின் முகத்தை. இராசமலரும் பார்த்தாள்.

"நீ ஆளை மாறிப்போட்டாய்," என்றார் தியாகராசா. "நான் அந்தப் பக்கம் வாறேல்லை."

காதர் மைதீன் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தான். கேலி பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டான், பாவம். பிறகு அவன் பார்வை அவர் முழங்காலில் சாய்த்திருந்த குடைக்குப் போனது. வெள்ளிப்பூணைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த பெரியவரைப் பார்த்தான், அப்பால் இருந்த ஊதாப் புடவையைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க, துரை," என்றான். ஏணியில் ஏறித் துணியை நனைத்தான். மேலே இருந்து ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. வேலை முடிந்ததும் குழலைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓரத்துக் கம்பத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டான்.

"சனங்களுக்கு இப்ப ஆள் தராதரம் தெரியேல்லை," என்றார் அம்பலவாணர். குரலில் கோபமில்லை. ஒரு சுருட்டுக்கூட எடுத்து நீட்டினார். "வாற கிழமை வீட்டை சாப்பிட வாரும். நாளும் ஒண்டு பாத்துப் போடலாம்."

அவ்வளவுதான், காரியம் ஜெயம். ராத்திரியெல்லாம் எதற்காகப் புரண்டு படுத்தாரோ அது மடியில் வந்து விழுந்துவிட்டது. தியாகராசா "ஓம் ஐயா" என்றார். சந்தோஷம் எங்கே என்று உள்ளே தேடினார். கிடைக்கவில்லை. வெட்கம்தான் தட்டுப்பட்டது.

படம் தொடங்கியது. யாரோ ஒரு பிரபு, அவனுடைய பெண்சாதி, ஒரு மலை, ஒரு குதிரை வண்டி. அட்டைக்கு மேல் அட்டையாக எழுத்து வந்தது. நேராக நின்ற எழுத்து, வாசிக்க ஒரு சிரமமும் இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு துணியின் அந்தப் பக்கத்துக்குக் காது கொடுத்தார். 'என்ன எழுதிருக்கு?' என்று யாராவது கேட்பார்கள். 'கிராணி ஐயா' என்று யாராவது ஒருத்தர் கூப்பிடுவார்கள், வேண்டுமானால் திட்டட்டும். ஒரு சத்தமும் வரவில்லை. இருமல்கூட இல்லை. காதர் மைதீன் போய்ச் சொல்லிவிட்டான். அத்தனை பேரும் அங்கே பலகையில் உட்கார்ந்து, விளங்காத எழுத்தைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு கூட்டம் நிறைந்த கொட்டகையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பது போல அவருக்கு இருந்தது. மாடி அறையில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முன்னால் சாய்ந்து இராசமலரைப் பார்த்தார். அப்போது ஒரு வேடிக்கை அட்டை வந்தது. முன்பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தாயின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள், பிறகு சிரித்தாள். அடுத்த அட்டையிலும் அப்படியே, எல்லோரும் சிரித்து ஓய்கிற நேரத்துக்கு அவள் சிரிப்பு வந்தது. மற்றொரு அட்டையில் அந்தப் பிரபுவின் தாய் இறந்துபோனதாகச் செய்தி. பின்வரிசையில் யாரோ 'ச்சொ' கொட்டினார்கள். இராசமலர் இன்னும் முந்தின சிரிப்போடேயே இருந்தாள். வள்ளிநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்ததைக் கண்டதும் அவசர அவசரமாகச் சிரிப்பை விழுங்கினாள்.

தியாகராசாவுக்கு விளங்கிவிட்டது. இங்கிலீஷ் நல்லா வாசிப்பாள் என்றாரே தகப்பன்! இவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இரண்டு வருஷமாக, சனிக்கிழமைதோறும், இந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் துக்கப்பட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள். சொல்லவும் முடியாது, கேட்கவும் முடியாது. பின்பக்கத்துக்காரர்களுக்காவது கேட்பதற்கு வாய் இருந்தது. இந்தப் பெண் தானாக, யார் முகத்தையும் பார்க்காமல், எல்லோருக்கும் முந்திச் சிரித்தது இன்றைக்கு ஒரே ஒரு தடவைதான். அவர் கூவியபோது.

அவருக்கு அவள் மேல் அப்படி ஒரு இரக்கம் பொங்கியது. இரக்கம் மட்டுமில்லை, அடுத்த வாரம் சாப்பாடு, பிறகு நாள், பிறகு வருஷக்கணக்காக இதே நாற்காலிகள் என்று கண்முன்னே விரிந்தது. தான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இவள் தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்வாள். அடக் கடவுளே, இதற்காகவா? வாய் திறந்தால் இந்தப் பக்கம் போய்விடும். அம்பலவாணர் எழுந்து குடும்பத்தோடு வெளியே நடந்துவிடுவார், அதில் சந்தேகமே வேண்டாம். அந்தப் பக்கமோ ஏற்கெனவே போய்விட்டது.

மலையுச்சியில் அந்தப் பிரபுவின் பெண்சாதி வண்டியை விட்டு இறங்கினாள். கடிதம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எதையோ சொன்னாள். உதடு அசைந்தது. பியானோக்காரி கையை எடுத்துவிட்டாள். அட்டை வந்தது. நெருக்கமான எழுத்தில் நீளமான அட்டை, அதனால் திரையில் வெகுநேரம் நின்றது. துணிக்குப் பின்னால் அதே மௌனம். அம்பலவாணர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வரிவரியாகத் தலையசைத்து வாசித்துக்கொண்டிருந்தார். வள்ளிநாயகியின் முகமும் திரையைத்தான் பார்த்திருந்தது. வரிசை வரிசையாக அத்தனை முகங்களும் அந்த வெளிச்சத்தை நோக்கி இருந்தன.

ஒரு முகம் மட்டும் திரும்பியிருந்தது. இராசமலர் நாற்காலியின் விளிம்புக்கு வந்து, தாயையும் தகப்பனையும் தாண்டி, தியாகராசாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுத்து இன்னும் திரையில் நின்றது. அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.